ஆம்ப்ளிபையர்ல வர்ற ஸ்ஸ்ஸ் சத்தம் எங்க இருந்து பொறக்குது?

கோயம்புத்தூர்ல அசெம்பிள் பண்ணி சுத்தமா பாடின செட்டை கோத்தகிரிக்கோ ஊட்டிக்கோ கொண்டு வந்து ராத்திரி ஆன் பண்ணா ஸ்பீக்கர்ல ஸ்ஸ்ஸ்னு ஒரு இரைச்சல் கேக்குதுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, குளிருக்கு ஐசி போயிடுச்சு, கரெண்ட் சரியில்ல, எர்த் சரியில்லன்னு ஆளுக்கு ஒரு காரணம். செட்டுல எதுவுமே மாறியிருக்காது. கீழ தலைக்கு மேல ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு, இங்க பெரும்பாலான வீட்டுல சீலிங் ஃபேனே கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இரைச்சல் முதல்ல இருந்தே இருந்துச்சு, ஃபேன் சத்தம் அதை மூடி வெச்சிருந்துச்சு. அதனால மலைல செட்டு கட்டுறவங்க இந்த விஷயத்துல கொஞ்சம் கூடுதலாவே கவனமா இருக்கணும்.

உம்ம்ம்னு வர்றது வேற, ஸ்ஸ்ஸ்னு வர்றது வேற. உம்ம்ம் கரெண்ட் லைன்ல இருந்து வர்ற 50 ஹெர்ட்ஸ், இல்ல பிரிட்ஜ் ரெக்டிபையர் தாண்டி வர்ற 100 ஹெர்ட்ஸ், அதுக்குத்தான் எர்த்தும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டரும். ஸ்ஸ்ஸ் சத்தத்துக்கு 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கெபாசிட்டரை எடுத்துட்டு 10000 போட்டாலும் ஒண்ணும் நடக்காது.

அப்போ இது எங்க இருந்து வருது? 1928ல அமெரிக்காவுல பெல் லேப்ல வேலை பார்த்த ஜான்சன், எந்த ரெசிஸ்டரா இருந்தாலும் பேட்டரி எதுவும் மாட்டாமலே அதோட ரெண்டு முனைலயும் ஒரு சின்ன வோல்டேஜ் தாறுமாறா ஆடிட்டே இருக்குன்னு அளந்து காட்டினார், நைக்விஸ்ட்ங்கிறவர் அதுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார். ரெசிஸ்டருக்குள்ள இருக்கிற எலக்ட்ரான்கள் சூட்டால சும்மா இருக்க முடியாம அலையுது, அதுதான் இந்த இரைச்சல், எல்லா ஃப்ரீக்வென்சிலயும் கலந்து வர்றதால காதுக்கு ஸ்ஸ்ஸ்னு கேக்குது. ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்கு ஆனா இரைச்சல் ரெண்டு மடங்கு ஆகும். சூடு கூடினாலும் கூடும், ஆனா அங்க கணக்கு கெல்வின்ல. கீழ 35 டிகிரின்னா 308 கெல்வின், ஊட்டில ஜனவரி ராத்திரி பூஜ்ஜியத்துக்குப் போனாலும் 273 கெல்வின், ஆக இரைச்சல் 6 சதவீதம்தான் குறையும், அரை டெசிபல், காதுக்குத் தெரியவே தெரியாது. குளிர் மேல பழி போட வேண்டாம், சொல்லப்போனா அது உதவிதான் பண்ணுது.

10 கே (10 கிலோஓம்) ரெசிஸ்டர் ஒண்ணு, காது கேக்குற 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் சேர்த்தா, கிட்டத்தட்ட 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். இதைக் கேட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா நம்ம ஊர்ல எல்லாரும் போடுற எல்ஏ4440 பவர் ஐசியோட கெயின், அதாவது சிக்னலைப் பெருக்குற அளவு, 51.5 டெசிபல், அதாவது சுமார் 375 மடங்கு. 1.8 மைக்ரோவோல்ட் 0.7 மில்லிவோல்ட்டா ஸ்பீக்கருக்குப் போகுது, 90 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள (1 வாட் கொடுத்தா 1 மீட்டர்ல அவ்வளவு சத்தம் தர்ற) ஸ்பீக்கர்னா 1 மீட்டர்ல 18 டெசிபல். இதுக்கு முன்னாடி 10 மடங்கு கெயின் உள்ள பாஸ் ட்ரெபிள் போர்டு ஒண்ணு சேர்த்தீங்கன்னா அதோட இன்புட்ல இருக்கிற அதே 1.8 மைக்ரோவோல்ட் 38 டெசிபலா வெளிய வரும். ஃபேன் ஓடுற ரூம்ல இது அமுங்கிடும், கோத்தகிரி ராத்திரில நல்லாவே கேக்கும்.

இதுலதான் முக்கியமான விஷயம் இருக்கு. முதல்ல சேர்ற இரைச்சலை பின்னாடி வர்ற எல்லா ஸ்டேஜும் (பெருக்குற ஒவ்வொரு கட்டமும்) பெருக்குது, கடைசில சேர்றதை யாரும் பெருக்கறதில்ல. ஊட்டி பக்கத்துல முத்தோரைல மலைச்சரிவுல 530 மீட்டர் நீளத்துக்கு நிக்குற ரேடியோ டெலஸ்கோப்பைப் பார்த்திருப்பீங்க, அதுல டைபோல்ங்கிற சின்ன ஆன்டெனா 1056 இருக்கு, ஒவ்வொரு டைபோலுக்குப் பின்னாலயும் இரைச்சல் ரொம்பக் கம்மியா உள்ள ஒரு ஆம்ப்ளிபையர் வெச்சிருக்காங்க. வானத்துல இருந்து வர்ற சிக்னல் அவ்வளவு சின்னது, அதை கேபிள்ல ஓட விட்டுட்டு அப்புறம் பெருக்குனா கேபிள்லயே செத்துடும், அதனால முதல் அடியிலயே சுத்தமா தூக்கி விடுறாங்க. நம்ம செட்டுக்கும் அதே விதிதான். முதல் ஸ்டேஜ் சுத்தமா இருக்கணும், அந்த இடத்துல சிக்னலும் பெருசா இருக்கணும். அதனால போன்ல வால்யூமை முழுசா வெச்சுட்டு ஆம்ப்ளிபையர்ல குறைங்க, நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க.

எந்த ஸ்டேஜ்னு கண்டுபிடிக்க ஆசிலோஸ்கோப் எல்லாம் வேண்டாம். வால்யூமை பூஜ்ஜியத்துல வைங்க, இரைச்சல் அப்படியே இருந்தா அது வால்யூமுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டேஜோடது, பெரும்பாலும் பவர் ஐசி. வால்யூம் ஏத்த ஏத்த ஏறிட்டே போச்சுன்னா போனையோ ப்ளூடூத் போர்டையோ கழட்டிட்டு இன்புட்டை கிரவுண்டோட ஷார்ட் பண்ணிப் பாருங்க, சத்தம் போச்சுன்னா தப்பு போன்லயோ ப்ளூடூத் போர்டுலயோ, போகலன்னா ட்ரெபிள் போர்டுல. கொஞ்சம் ஏறி, முழுசா திருப்பும்போது திரும்பக் குறைஞ்சா வால்யூம் கண்ட்ரோல்தான் ஆளு, ஏன்னா 100 கே வால்யூம் கண்ட்ரோல் பாதி நிலைல இருக்கும்போது அடுத்த ஸ்டேஜுக்கு 25 கே ரெசிஸ்டர் மாதிரி தெரியும்.

வால்யூம் கண்ட்ரோலுக்கு அடுத்து 4558ங்கிற ஆப்ஆம்ப் ஐசி இருக்கிற செட்டுல, அதை எடுத்துட்டு இரைச்சல் கம்மியான என்இ5532 போட்டா சரியாயிடும்னு கடைல சொல்லுவாங்க. 5532 நல்ல ஐசிதான், ஆனா அதோட இன்புட்ல ஓடுற கரெண்ட்லயே ஒரு இரைச்சல் இருக்கு, அது 25 கே வழியா போகும்போது ஐசியோட சொந்த வோல்டேஜ் இரைச்சலை விட மூணு மடங்குக்கு மேல ஆயிடும். வால்யூம் கண்ட்ரோலை 10 கேவா மாத்திட்டு 5532 போடுங்க, அப்போதான் அந்த ஐசி போட்ட பலன் தெரியும், மொத்தத்துல 10 டெசிபல் வரைக்கும் இறங்கும்.

எல்ஏ4440 வெச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கு. அதுக்கு 13 மில்லிவோல்ட் கொடுத்தாலே முழு சத்தம் வந்துடும், நாம போன்ல இருந்து அரை வோல்ட், 1 வோல்ட்னு கொடுக்கறோம். ஐசி இன்புட் பக்கத்துலயே சிக்னல் லைன்ல 10 கே ஒண்ணு, அங்க இருந்து கிரவுண்டுக்கு 1 கே ஒண்ணு வைங்க. ட்ரெபிள் போர்டு, வால்யூம் கண்ட்ரோல் ரெண்டோட இரைச்சலும் 11ல ஒரு பங்காயிடும், சிக்னல் அப்பவும் போதுமானதுக்கு மேலயே இருக்கும். ஐசியோட சொந்த இரைச்சல் மட்டும் இதுல குறையாது.

டிடிஏ2030ங்கிற பவர் ஐசில கெயினையே குறைக்கலாம். கெயினை முடிவு பண்ற 22 கே கூட இருக்கிற 680 ஓம் ரெசிஸ்டரை 1.2 கே ஆக்குங்க, 30 டெசிபல் 26க்கு வரும். ஆனா 24க்குக் கீழ போகவே கூடாது, போனா ஐசி ஆசிலேட் ஆகும், அதாவது சிக்னல் இல்லாமலே தானா ஆட ஆரம்பிச்சுடும். பாட்டு ஓடாதப்பவே ஹீட்சிங்க் கொதிச்சா அதான் நடக்குதுன்னு அர்த்தம், அவுட்புட்ல 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 எம்எஃப்டி கெபாசிட்டரும் இருக்கான்னு பாருங்க, நிறைய பேர் அதைத் தேவையில்லன்னு விட்டுடறாங்க.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன்ல இருந்து மழை பிடிச்சா வேற ஒரு சத்தம் வரும், எண்ணெய்ல கடுகு பொரியுற மாதிரி விட்டு விட்டு. அது ஜான்சன் சொன்னது இல்ல. போர்டுல துடைக்காம விட்ட ஃப்ளக்ஸ் (சால்டர் பண்ணும்போது போடுற பசை) ஈரத்தை இழுத்து, பக்கத்து ட்ராக்குக்கு கரெண்ட் கசியுது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு பழைய பிரஷ்ல தேய்ச்சு, நல்லா காய வெச்சு, அப்புறம் மேல வார்னிஷ் அடிங்க. காயறதுக்கு முன்னாடி அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கும்.