வெளிநாடு புறப்படும் முன் ஊரில் முடிக்க வேண்டிய ஆவண வேலைகள்

வேலூரில் வழக்கறிஞராகவும் நோட்டரியாகவும் தொழில் செய்யும் என்னிடம், வெளிநாடு செல்பவர்களைவிட, அவர்கள் சென்ற பிறகு ஊரில் இருக்கும் பெற்றோரும் மனைவியும்தான் அதிகம் வருகிறார்கள். பேரணாம்பட்டிலிருந்தோ அணைக்கட்டிலிருந்தோ ஒரு பெரியவர் துணிப்பையில் பத்திரங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார். மகன் கத்தாரில் இருக்கிறான், அவன் கையெழுத்து இல்லாமல் இங்கே ஒரு காரியம் நின்றுபோயிற்று என்பார். விசா, விமான டிக்கெட், பெட்டி என்று மாதக்கணக்கில் ஓடிய அந்தக் குடும்பம், ஊரில் இருந்தபோதே அரை நாளில் முடித்திருக்கக்கூடிய வேலையைக் கவனித்திருக்காது. ஆள் கடல் கடந்த பிறகு அதே வேலை பல மாதங்கள் இழுக்கிறது, செலவும் பல மடங்காகிறது. சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள், ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் வேலை பழகியவர்கள், காட்பாடி பக்கத்துப் பொறியியல் பட்டதாரிகள் எனப் பலதரப்பட்டவர்கள் புறப்படும் மண் இது. அவர்கள் கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றை, நான் அன்றாடம் பார்க்கும் சிக்கல்களிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்ய வேண்டும். குடியாத்தம் பக்கத்து இளைஞர் ஒருவருடைய சான்றிதழ்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினால் காணக்கூடியது இதுதான்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘எம். சரவணன்’, பாலிடெக்னிக் பட்டயத்தில் ‘சரவணன் எம்.’, ஆதாரில் ‘சரவணன் முனுசாமி’, பாஸ்போர்ட்டில் ‘சரவணன்’ மட்டும் இருக்க, குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருக்கும். தந்தையின் பெயரோ ஓரிடத்தில் முனுசாமி, இன்னோரிடத்தில் முனிசாமி, பிறப்புச் சான்றிதழில் முனுசுவாமி. நம் ஊரில் யாருக்கும் இதில் சந்தேகம் வராது. தலைப்பெழுத்து வழக்கமே இல்லாத நாட்டில் இருக்கும் அதிகாரிக்கு இவர்கள் மூன்று நான்கு வெவ்வேறு ஆட்கள். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் பார்வையாளர் விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, நம் பக்கத்தில் எத்தனையோ பேர் திகைத்து நின்றார்கள். ஆகவே வேலைக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே, தலைப்பெழுத்தை விரித்து எழுதிய பெயரொன்றை ஒரே எழுத்துக்கூட்டலில் முடிவு செய்து, பாஸ்போர்ட்டையும் ஆதாரையும் பான் அட்டையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பெயரே வேறாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். பள்ளிச் சான்றிதழில் நேர்ந்த பிழையைத் திருத்துவதற்குப் பள்ளியின் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது உடனடியாக முடிகிற காரியமில்லை.

இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று நோட்டரி முன்பாகக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அத்தகைய பத்திரங்களை அத்தாட்சி செய்து தருவது என் தொழிலின் ஒரு பகுதிதான். ஆயினும் உள்ளூர் அலுவலகங்களில் கைகொடுக்கும் அந்தத் தாளை அயல்நாட்டுக் குடியேற்றத் துறை ஏற்கும் என்று எண்ணிக்கொண்டு புறப்படுவது சரியல்ல; மூல ஆவணத்தையே திருத்திக்கொள்வதுதான் பாதுகாப்பு. குழந்தைகளோடு செல்பவர்கள், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்க்கட்டும். பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும் சான்றிதழ்களை இன்னமும் நிறையக் காண்கிறேன்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. எஞ்சிய பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அழைக்கப்பட்டுப் பிறகு வேலூர் மாவட்டமானது. 2019-இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. எனவே ஆற்காட்டில் 1985-இல் பிறந்த ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு, பாஸ்போர்ட்டில் வேலூர், ஆதாரில் ராணிப்பேட்டை என்று மூன்று மாவட்டங்கள் இருப்பது இயல்பே. இதற்காகப் பழைய சான்றிதழ்களைத் திருத்த அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டு விண்ணப்பங்களில் பிறந்த இடத்தைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதிவிட்டு, மாவட்டப் பிரிவினையை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தையும் இணைத்தால் பெரும்பாலும் போதும்.

கல்விச் சான்றிதழ்களில் நேரம் வீணாகும் இடம் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு வேலூரில் கலை, அறிவியல் பட்டம் முடித்தவர்களுக்குப் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். பாடவாரி மதிப்பெண் தொகுப்புச் சான்றையும் அங்கிருந்துதான் பெற வேண்டும். பல நாடுகள் அந்தத் தொகுப்பைப் பல்கலைக்கழகமே உறையிட்டு முத்திரை வைத்து அனுப்ப வேண்டும் என்கின்றன. அங்கே போன பிறகு தம்பியையோ நண்பரையோ அனுப்பிப் பெறுவது பெரும்பாடு. சான்றொப்பத்தைப் பொறுத்தவரை, ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகளும் ஏற்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு, ஆவணம் உண்மையானது என்று காட்டும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை உண்டு. இந்தியா 2005-லிருந்து அதில் இருக்கிறது, சவூதி அரேபியா 2022-இலும் கனடா 2024-இலும் வந்து சேர்ந்தன. அமீரகம், கத்தார், குவைத் போன்ற நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் சான்றொப்பம் தனியாக வேண்டும். எந்த நாட்டுக்கு எது என்று தெரிந்துகொள்ளாமல் ஏஜென்டிடம் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கொடுக்கும் ஒவ்வொரு மூலச் சான்றிதழுக்கும் கையொப்பமிட்ட ரசீது வாங்க வேண்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் நான் கடுமையாகவே பேசுவேன், ஏனெனில் இங்கே ஏமாந்தவர்கள் நிலத்தை அடமானம் வைத்து ஏமாந்தவர்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குச் செல்லக் வெளியுறவு அமைச்சகத்தின்கீழ் இயங்கும் அதிகாரியான குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி வெறும் சடங்கல்ல. வேலை ஒப்பந்தம் அரசின் பார்வைக்கு வருவதும், 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு கிடைப்பதும் அதன் வழியாகத்தான். அந்தக் காப்பீட்டின் பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்காகவே சில ஏஜென்டுகள் ‘விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். அப்படிச் சென்றவர் சம்பளம் வராமல் தவிக்கும்போது, அவர் வேலை செய்ததற்கே சட்டப்படி ஆதாரம் இருப்பதில்லை. ஏஜென்டின் உரிம எண்ணை மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம். உரிமம் பெற்றவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அதற்கு மேல் லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்கப்படும்போதே எழுந்து வந்துவிடலாம். அந்த 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்கள் 2015-லிருந்து அரசு அமைப்புகளின் வழியாகவே செல்ல வேண்டும் என்பதும், நம் மாநிலத்தில் அந்தப் பொறுப்பு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு உண்டு என்பதும் பலருக்கு இன்னும் தெரியவில்லை. கணினி தெரிந்த இளைஞர்களிடம், தாய்லாந்தில் தரவுப் பதிவு வேலை என்று ஆசைகாட்டி, மியான்மரிலும் கம்போடியாவிலும் உள்ள இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைப்பது 2022 முதல் வெளிச்சத்துக்கு வந்த கொடுமை. நேர்காணலே இல்லாமல் பெரிய சம்பளம் பேசப்பட்டால் பெற்றோர் குறுக்கே நின்று கேள்வி கேட்பதில் தவறில்லை.

வளைகுடாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் மார்பு எக்ஸ்ரே உண்டு. பழைய காசநோய்த் தழும்பு இருந்தாலும் தகுதியில்லை என்று எழுதப்படலாம் என்பதால், ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே நம் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, என் மேசைக்கு அதிகமாக வரும் விஷயத்துக்கு, அதாவது நம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்துக்கு வருகிறேன். ஒரு குடும்பத்தில் தந்தை காலமாகிவிட்டார், நிலம் அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் பொதுவில் இருக்கிறது, தம்பி குவைத்தில். தங்கையின் திருமணத்துக்காக விற்க முடிவு செய்து, மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் எழுதி முன்பணமும் வாங்கிவிட்டார்கள். தம்பிக்கு விடுமுறை இல்லை. அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நேரம் வாங்கி, பவர் எழுதி அத்தாட்சி பெற்று, கூரியரில் அனுப்ப வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் காட்டி முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்; அதன் பிறகே அது சார் பதிவாளர் அலுவலகத்தில் செல்லும். முதலில் வந்த பத்திரத்தில் ஒரு சர்வே எண் விட்டுப்போயிருந்ததால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒப்பந்தக் கெடு தாண்டியது. வாங்க வந்தவர் விலகிக்கொண்டார். திருமணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். அந்தத் தம்பி விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

ஆனால் பவர் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். அசையாச் சொத்து தொடர்பாக இங்கே எழுதும் பவரைத் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஐம்பது ரூபாய்ப் பத்திரத்தில் நோட்டரி முத்திரையோடு நிறுத்திக்கொண்டால் அது விற்பனைக்கு உதவாது. எல்லா அதிகாரத்தையும் ஒருவரிடமே ஒப்படைக்கும் பொதுப் பவரைவிட, எந்தச் சொத்து, என்ன வேலை என்று வரையறுத்துக் கொடுக்கும் தனிப் பவரையே நான் பரிந்துரைக்கிறேன். வரி கட்ட, பட்டா மாற்ற, வாடகை வசூலிக்க, வழக்கு நடத்த ஒன்று. விற்பதற்குத் தேவைப்பட்டால் மட்டும் வேறொன்று. கூடப் பிறந்தவர்மீது சந்தேகமா என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். எல்லை தெளிவாக இருந்தால்தான் பிற்காலத்தில் உறவும் கெடாமல் இருக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஆகவே அது உயிலுக்கு மாற்றாகாது. நிலம், வீடு, நகைக் கடன் என்று பொறுப்புகள் உள்ளவர்கள் இரண்டு சாட்சிகளோடு உயில் ஒன்று எழுதி வைத்துவிட்டுப் போவதில் அபசகுனம் எதுவும் இல்லை.

புறப்படுவதற்கு முன் பட்டாவில் பெயர் ஏறியிருக்கிறதா, வில்லங்கச் சான்றில் சர்வே எண் சரியா என்றும் பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் குடியிருப்பவராக மாறிய பிறகு அந்நியச் செலாவணிச் சட்டப்படி புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. ஏற்கெனவே உள்ளதையும் வாரிசாக வருவதையும் வைத்துக்கொள்ளலாம். அனுப்புகிற பணத்தில் ஊரில் கழனி வாங்கலாம் என்று கனவு காண்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

திருமணம் ஆனவர்கள் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி எல்லா மதத்தினரும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை முடியும். கோயில் ரசீது, மண்டப ரசீது, ஜமாஅத் நிக்காஹ் பதிவு ஆகியவை மட்டும் கையில் இருந்தால், பிறகு மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரும். கெடு தாண்டிய இந்துத் தம்பதியர் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ளலாம்.

வங்கியில் இப்போதுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரக் கூடாது, அதை, வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வரும் வருமானத்துக்காக வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு தொடங்க வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதி, வேலையை விட்ட தேதி ஆகியவை சரியாக ஏறியிருப்பதை உறுதி செய்துவிட்டுத்தான் விலக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் சாவி ஆதாரோடு இணைந்த கைபேசி எண். ஓ.டி.பி. வராவிட்டால் பி.எஃப்., வங்கி, வருமான வரி எதுவும் நகராது. பயன்படுத்தாத எண் 90 நாட்களுக்குப் பிறகு துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடக்கூடும். ஆகவே அதை அங்கே குறுஞ்செய்தி வரும்படி ரோமிங் வசதியோடு எடுத்துச் சென்று, மாதந்தோறும் ரீசார்ஜ் செய்யும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்.

கடைசியாகப் பெட்டியில் ஒன்றைப் பார்க்க வேண்டும். கசகசா வளைகுடா நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். அதற்காகக் கைதானவர்கள் உண்டு. அம்மா அரைத்துக் கட்டிக் கொடுக்கும் குருமாப் பொடியில் அது கலந்திருந்தாலும் பிரச்சினையே. இருமல் மருந்தில் உள்ள கோடீன், வலி மாத்திரையான டிரமடால் போன்றவையும் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. வழக்கமாக மருந்து சாப்பிடுபவர்கள், மருந்தின் மூலப்பெயரை எழுதிய ஆங்கில மருந்துச் சீட்டுடன், கடை அட்டையிலிருந்து பிரிக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி தேவையா என்பதை டிக்கெட் போடும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.