மொத்தப் பூச்சந்தை: வாடலைக் குறைக்கும் வடிவமைப்பு

பறித்த பிறகும் பூ சுவாசித்துக்கொண்டிருக்கிறது. செடியிலிருந்து வந்த நீரும் சர்க்கரையும் நின்றுவிட்டன. இதழ்களில் மிச்சமிருக்கும் சர்க்கரையை வைத்துத்தான் அது கடைசிவரை காலம் தள்ள வேண்டும். அந்தச் சேமிப்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை முடிவு செய்வது வெப்பம். கார்னேஷன் பூவில் அளந்த கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். ஒரு கிலோ பூ ஒரு மணி நேரத்தில் வெளிவிடும் கரியமில வாயு 0 டிகிரி செல்சியஸில் சுமார் 10 மில்லிகிராம். 10 டிகிரியில் 30. 20 டிகிரியில் ஏறத்தாழ 240. 30 டிகிரியில் 500ஐத் தாண்டிவிடுகிறது. குளிரில் இரண்டு நாள் இருந்தால் ஆகும் செலவு, வெக்கையில் ஒரே மணி நேரத்தில் ஆகிவிடுகிறது.

ஆகவே மொத்தப் பூச்சந்தையைக் கட்டும்போதும் திருத்தும்போதும் ஒவ்வொரு முடிவிலும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இதனால் பூ எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் கிடக்கும்? கூரை, நடைபாதை, தராசு வைக்கும் இடம், குப்பைத் தொட்டி என எல்லாமே இந்தக் கேள்விக்குள் அடங்கும். முகப்பு வளைவுக்கும் பளபளப்பான தரைக்கும் போகும் பணம் இந்தக் கேள்விக்கு எந்த விடையும் தருவதில்லை.

மூட்டைக்குள் ஏறும் சூடு

சுவாசம் வெப்பத்தை வெளியிடும். ஒரு மில்லிகிராம் கரியமில வாயு வெளிவந்தால் கூடவே சுமார் 10.7 ஜூல் வெப்பமும் பிறக்கிறது. 30 டிகிரியில் ஒரு கிலோ பூவுக்கு மணிக்கு 5,500 ஜூல் என்று வையுங்கள். பூவில் பெரும்பகுதி நீர்தான். அதன் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்ற சுமார் 3,800 ஜூல் வேண்டும். வெப்பம் வெளியேற வழியில்லாத இடத்தில் பூ மணிக்கு ஒன்றரை டிகிரி வரை தானாகவே சூடேறும் என்பது இதன் பொருள். சூடேறினால் சுவாசம் கூடும், சுவாசம் கூடினால் சூடு கூடும். இறுக்கிக் கட்டிய சாக்கு மூட்டையின் நடுப்பகுதி அப்படிப்பட்ட இடம்தான். மேலே கைவைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் மூட்டையைப் பிரிக்கும்போது நடுவில் பழுப்பேறிய பூ கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இதற்கு மின்சாரமே வேண்டாத தீர்வு உண்டு. உதிரிப்பூவைச் சாக்கில் திணிக்காமல், பக்கவாட்டில் துளையுள்ள பிளாஸ்டிக் கிரேட்டுகளில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் நிரப்ப வேண்டும். அடுக்கும்போது எல்லாக் கிரேட்டுகளின் துளைகளும் ஒரே நேர்கோட்டில், காற்று வரும் திசையைப் பார்த்து அமைய வேண்டும். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். அடிக் கிரேட்டு ஈரத் தரையில் படாதபடி 15 சென்டிமீட்டர் உயரச் சட்டத்தின் மேல் நிற்க வேண்டும். காலிக் கிரேட்டுகளைத் திருப்பி அனுப்புவதும் கழுவுவதும் யார் பொறுப்பு என்பது முடிவாகாவிட்டால், விவசாயிகள் சில வாரங்களில் சாக்குக்கே திரும்பிவிடுவார்கள். கிரேட்டு கழுவும் தொட்டியும் காலிக் கிரேட்டு அடுக்கும் இடமும் இறக்குமிடத்தை ஒட்டியே வரைபடத்தில் இடம்பெறுவது அதனால்தான் முக்கியம்.

கூரையும் காற்றும்

வெயிலில் நிற்கும் தகரக் கூரை 65 டிகிரியை எளிதில் தொடும். அடிப்பக்கம் வர்ணம் பூசியதோ துருப்பிடித்ததோ ஆனால், 30 டிகிரியில் இருக்கும் பூவின் மேல் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 200 வாட்டுக்கு மேல் வெப்பக் கதிரை அது கொட்டும். நிழலில் இருந்தும் பூ வாடுவது இப்படித்தான். மேற்பரப்பில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சும், அடியில் காற்று இடைவெளி விட்டுக் கட்டிய அலுமினியத் தாளும் சேர்ந்தால் இந்தச் சுமை பெருமளவு குறையும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வெள்ளைப் பூச்சை முதலில் செய்யலாம். ஆனால் தூசி படிந்தால் அதன் பலன் போய்விடும், ஆண்டுதோறும் கழுவ வேண்டும்.

சூடான காற்று மேலேறும். அது வெளியேற கூரை முகட்டில் நீளவாக்கில் திறப்பு வேண்டும், அதே பரப்பளவுக்குக் கீழே நுழைவழியும் வேண்டும். கீழ்த் திறப்புக்கும் முகட்டுக்கும் 5 மீட்டர் உயர வேறுபாடும், உள்ளும் புறமும் 5 டிகிரி வேறுபாடும் இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் திறப்பின் வழியாகவும் நொடிக்கு அரை கன மீட்டர் காற்று தானாகவே ஓடும். முகட்டைத் திறந்துவிட்டு, கீழே உள்ள சுவர்த் திறப்புகளைக் கிரேட்டு அடுக்கி அடைத்துவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே வர வழியில்லாத காற்று வெளியேயும் போகாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பூச்சந்தை வடிவமைப்பிலேயே மிகக் கடினமானது இதுதான். பூவின் வெப்பத்தை எடுத்துப்போக காற்று ஓட வேண்டும். ஆனால் வறண்ட காற்று ஓடினால் பூவின் நீரையும் எடுத்துப்போய்விடும். எவ்வளவு வேகமாக நீர் இழக்கும் என்பது காற்றில் இன்னும் எவ்வளவு நீராவிக்கு இடமிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் அந்தப் பற்றாக்குறை 2.1 கிலோபாஸ்கல். ஈரப்பதம் 90 விழுக்காடானால் அது 0.4 ஆகச் சுருங்கிவிடும். ஒரே வெப்பநிலையில் ஐந்து மடங்கு வேறுபாடு. எனவே மின்விசிறியைத் திறந்த பூவின் மேல் திருப்பி வைப்பது தவறு. தலைக்கு மேலே, மக்களுக்கும் முகட்டுக்கும் நடுவில் காற்றை நகர்த்தும்படி அதை மாட்ட வேண்டும். பூக்கூடையின் மேல் ஈரத்துணி மூடி இருக்கலாம். துணி ஈரமாக இருக்கட்டும், இதழ் ஈரமாகக் கூடாது. இதழ் மேல் சில மணி நேரம் நீர் நின்றாலே போட்ரைடிஸ் என்னும் சாம்பல் பூஞ்சை முளைவிட்டு உள்ளே நுழைந்துவிடும். எடை கூட்டுவதற்காகத் தெளிக்கும் நீர், வாங்குபவருக்குப் பண இழப்பு மட்டுமல்ல, அந்தப் பூஞ்சைக்கு விரித்த பாயும்கூட.

ஈரத் திண்டு வழியாகக் காற்றை இழுக்கும் குளிர்விப்பான்களைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 35 டிகிரி, 40 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நண்பகலில் அது காற்றை 26 டிகிரி வரை இறக்கும். ஆனால் 30 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதத்தில் இரண்டு டிகிரிகூட இறங்காது. சந்தை எந்த நேரத்தில் நடக்கிறதோ அந்த நேரத்து ஈரப்பதத்தை அளந்து பார்க்காமல் இதை வாங்கக் கூடாது.

புகையும் அழுகலும்

எத்திலீன் என்ற வாயு பூக்களுக்கு முதுமையைக் கொண்டுவரும் ஹார்மோன். வாயு விளக்குக் கசிவில் பட்டாணி நாற்றுகள் கோணி வளர்வதற்குக் காரணம் இதுதான் என்று ரஷ்யத் தாவரவியலாளர் திமித்ரி நெல்யூபோவ் 1901இல் காட்டினார். கார்னேஷன் போன்ற பூக்களில், காற்றின் ஒரு கோடி பங்கில் ஒரே பங்கு எத்திலீன் சில மணி நேரம் இருந்தாலும் இதழ்கள் உட்புறமாகச் சுருண்டுவிடும். சாமந்தி அதை அதிகம் பொருட்படுத்தாது. எத்திலீன் வரும் வழிகள் மூன்று: வாகனப் புகை, பழுக்கும் பழங்கள், அழுகும் பூ.

ஆகையால் இறக்குமிடம் கூடத்துக்கு வெளியே, காற்று கூடத்தைக் கடந்து வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே நிற்கும் வண்டியின் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கூடத்துக்குள் தள்ளுவண்டி அல்லது மின்வண்டி மட்டும் போகலாம். குளிர்அறையைப் பழ வியாபாரியோடு பங்குபோடுவது சிக்கனமாகத் தோன்றும், பூவுக்கு அது கேடு. உதிர்ந்த இதழ்களைச் சந்தை முடிந்த பிறகு கூட்டுவது போதாது, நடக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும்.

நடைபாதை

சந்தைக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை எளிதாகக் கணிக்கலாம். ஒரு மணி நேரத்தில் உள்ளே வருபவர்களின் எண்ணிக்கையை, ஒருவர் உள்ளே செலவழிக்கும் நேரத்தால் பெருக்கினால் போதும். மணிக்கு 600 பேர் வந்து, ஆளுக்கு 40 நிமிடம் நின்றால் எந்நேரமும் 400 பேர். அதே வியாபாரம் 25 நிமிடத்தில் முடிந்தால் 250 பேர்தான். கூடத்தைப் பெரிதாக்காமலே நெரிசலைக் குறைக்கும் வழி இது. ஒரே வகைப் பூ விற்பவர்களை அருகருகே வைத்தால் வாங்குபவர் விலையை ஒப்பிட நடக்கும் தூரம் குறையும். கனமான, அதிக அளவில் விற்கும் பூ இறக்குமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எளிதில் வாடும் பூவுக்கு உள்ளே இருக்கும் மிகக் குளிர்ந்த பகுதியைக் கொடுக்க வேண்டும்.

பாதையின் அகலத்தை வண்டியிலிருந்து தொடங்கிக் கணக்கிட வேண்டும். பூ வணிகத்தில் பரவலாகப் புழங்கும் டேனிஷ் டிராலியின் அடிப்பரப்பு 1350க்கு 565 மில்லிமீட்டர். அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 1.46 மீட்டர். நின்ற இடத்தில் திரும்ப 1.5 மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். எதிரெதிரே வண்டிகள் கடக்க, நடுவில் ஆட்களும் போக, 2.4 மீட்டர் பொருத்தமானது. முட்டுச்சந்து எங்கும் இருக்கக் கூடாது. சுமையோடு போகிறவர் திரும்பி வர வேறு வழி இருந்தால்தான் ஒருவழிச் சுற்று அமையும்.

காகிதத்தில் 2.4 மீட்டராக இருக்கும் பாதை நடைமுறையில் 1.4 ஆகிவிடும். இரு பக்கமும் கடைகள் அரை மீட்டர் முன்னே வந்துவிடுவதே காரணம். தரையில் மஞ்சள் கோடு போடுவதால் இது நின்றதில்லை. 45 முதல் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள மேடையின் மேல் பூவை வைக்கும்படி அமைத்தால் மேடையின் விளிம்பே எல்லையாகிவிடும். விற்பவரும் நாள் முழுக்க குனிந்து நிமிர வேண்டியதில்லை, தரை ஈரமும் பூவைத் தொடாது.

இதைவிட மேலான வழி, பூவையே நகர்த்தாமல் விற்பது. நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் ஏல மையத்தில் கடிகார முள் போல விலை மேலிருந்து கீழே இறங்கும், முதலில் பொத்தானை அழுத்துபவர் வாங்கிக்கொள்வார். முன்பு பூ வண்டிகள் ஏலம் எடுப்பவர்களின் கண்முன்னே வந்து போகும். இப்போது பெரும்பாலான ஏலம் திரையில் படத்தைப் பார்த்தே நடக்கிறது, பூ குளிரிலேயே இருக்கிறது. அந்த அளவு முதலீடு இல்லாத சந்தையும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம்: வந்திறங்கும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு மாதிரிக் கிரேட்டு மட்டும் மேடைக்கு வரட்டும், மீதி உள்ளறையில் இருக்கட்டும். மாதிரியும் சரக்கும் ஒரே தரம் என்ற நம்பிக்கை வர, வாங்குபவர் கேட்கும் எந்தக் கிரேட்டையும் திறந்து காட்டும் விதி வேண்டும்.

விளக்கும் தராசும்

விடியுமுன் நடக்கும் வியாபாரத்தில் நிறம்தான் விலை. சோடியம் விளக்கின் கீழ் சிவப்பும் ஊதாவும் சாம்பலாகத் தெரியும். நிறம் காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ள எல்இடி, தரம் பிரிக்கும் மேடையில் 500 லக்ஸ் ஒளி, இவை போதும். குறியீடு 80 உள்ள மலிவு விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு சரியாகத் தெரியாது. மின்தராசு விசிறிக் காற்றில் இருந்தால் எண் ஆடும், தகராறு அங்கேதான் தொடங்கும். மூன்று பக்கமும் மறைத்து, இருபுறமும் தெரியும் திரையோடு வைக்க வேண்டும்.

குளிர்அறை வாங்குமுன்

500 கிலோ பூவை 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க, சுமார் 13 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் முடிக்க, சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் வரும் வெப்பத்தைச் சேர்க்காமலே 3.3 கிலோவாட் குளிர்விப்புத் திறன் வேண்டும். வெறும் சேமிப்புக்காகக் கட்டிய அறையில் சூடான பூவை நிரப்பினால் அது இரவு முழுக்கத் திணறும். பெட்டியின் இரு முனைகளிலும் பக்கப் பரப்பில் 5 விழுக்காடு அளவுக்குத் துளையிட்டு, விசிறியால் காற்றை அதன் வழியே இழுத்தால் அதே வேலை பல மடங்கு விரைவாக முடியும்.

குளிர்அறை கெடுக்கும் இடம் கதவுக்கு வெளியே இருக்கிறது. 30 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பூவும் வெளியே வந்ததும் வியர்க்கும். அந்த ஈரம் மேலே சொன்ன பூஞ்சைக்கு வழிவிடும். ஆகவே குளிர்ந்த பூ மூடிய பெட்டியிலேயே கைமாற வேண்டும், பூ 24 டிகிரியைக் கடந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். அன்றே விற்றுத் தீரும் உதிரிப்பூவுக்கு 12 முதல் 15 டிகிரியே போதும் என்பது எங்கள் கருத்து. சுவாசத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது, வியர்ப்பதும் குறைவு, செலவும் குறைவு. ஆந்தூரியம், ஹெலிகோனியா போன்ற வெப்பமண்டலப் பூக்கள் 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிராலேயே கருகிவிடும்.

காம்புள்ள பூவின் வாளி நீரில் பாக்டீரியா பெருகினால் காம்பின் நீர்க்குழாய்கள் அடைபடும். 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை லிட்டருக்கு 1 மில்லி சேர்த்தால் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் கிடைக்கும். அந்த வாளியில் சிட்ரிக் அமிலத்தைச் சேர்க்கவே கூடாது, நச்சான குளோரின் வாயு வெளிவரும்.

தரையும் கழிவும்

தரைக்கு 80க்கு 1 என்ற சரிவு நன்றாக வேலை செய்யும். பிரச்சினை சரிவில் இல்லை. நனைந்த இதழ் தட்டையாகக் கம்பிவலை மேல் ஒட்டிக்கொண்டு நீரை அடைத்துவிடும். கையால் தூக்கிக் கொட்டக்கூடிய வலைக்கூடையை ஒவ்வொரு வடிகால் வாயிலும் வைத்து, அதை யார் எப்போது காலி செய்வது என்று எழுதி ஒட்ட வேண்டும். பூக்கழிவில் நீர் மிகுதி. உலர்ந்த இலையோ மரத்தூளோ கலந்து கார்பன்-நைட்ரஜன் விகிதத்தை 25 முதல் 30க்குள் கொண்டுவந்தால் நல்ல உரமாகும். நூல், ரப்பர், பிளாஸ்டிக் கலந்தால் பிரித்தெடுக்கும் கூலியே உரத்தின் விலையைத் தின்றுவிடும். அதனால் பூக்கட்டைப் பிரிக்கும் மேடையிலேயே இரண்டு தொட்டிகள் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. முதலில் கம்பி வெப்பமானி ஒன்றை வாங்கி, இறக்குவதிலிருந்து விற்பனைவரை மூட்டைகளின் நடுப்பகுதியை அரை மணிக்கு ஒருமுறை அளந்து, நேரத்தோடு குறித்துவைக்க வேண்டும். எந்த இடத்தில் அதிக நேரமும் அதிக சூடும் சேருகின்றனவோ அங்கேதான் முதல் செலவு. புதிய பாதைகளைச் சிமெண்டில் போடுமுன் சுண்ணாம்புக் கோட்டாலும் கயிற்றாலும் வரைந்து, வரத்து மிகுதியாக உள்ள நாட்களில் நடத்திப் பார்க்கலாம். வண்டிகள் முட்டும் மூலை எது என்பது அப்போதே தெரிந்துவிடும், மாற்றுவதற்கும் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புதான் ஆகும்.