ஹார்ட், ப்ளட் ரிசர்ச்சுக்கு சம்மர் ட்ரெய்னிங்: அமெரிக்கால இது யாருக்கு, எப்படி கிடைக்கும்

அமெரிக்கால காலேஜ் படிக்கிற பசங்க சம்மர்ல ஒரு லேப்ல சேர்ந்து இதயம், நுரையீரல், ரத்தம் சம்பந்தமான ஆராய்ச்சி கத்துக்க கவர்மென்ட் காசுலயே ட்ரெய்னிங் இருக்கு. ஃபீஸ் கட்ட வேணாம், அவங்களே ஸ்டைபண்ட் (செலவுக்கு உதவித்தொகை) தருவாங்க, சில இடத்துல தங்குற செலவும் பாத்துக்குவாங்க. ஆனா நிறைய பேர் நேரா என்.ஐ.எச் (அமெரிக்க கவர்மென்டோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) வெப்சைட்ல போய் அப்ளை பட்டன தேடிட்டு, ஒண்ணும் இல்லனு விட்டுடுறாங்க.

காசு வர்ற வழி வேற. என்.ஐ.எச்ல மொத்தம் 27 இன்ஸ்டிட்யூட், சென்டர் இருக்கு, அதுல இதயம் நுரையீரல் ரத்தம் மூணையும் பாக்குறது என்.எச்.எல்.பி.ஐ. 1948ல வெறும் ஹார்ட் இன்ஸ்டிட்யூட்டா ஆரம்பிச்சது, ரத்தம்லாம் பேர்ல சேர்ந்தது 1970கள்ல. இவங்க ஆர்25, டி35னு கிராண்ட் குடுப்பாங்க, அது யுனிவர்சிட்டிக்கு தான் போகும், ஸ்டூடண்ட் கைக்கு நேரா வராது. ஆள் எடுக்கிறது, லேப் ஒதுக்குறது, டெட்லைன் வெக்கிறது எல்லாம் அந்த யுனிவர்சிட்டி வேலை. டி35 பெரும்பாலும் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ மாதிரி மேல படிக்கிறவங்களுக்கு, யுஜி பசங்க ஆர்25 பக்கம் பாருங்க. என்.ஐ.எச் கேம்பஸ்லயே நடக்குற சம்மர் இன்டர்ன்ஷிப் தனி கதை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சரி, யாருக்கு? ஆராய்ச்சில கம்மியா இருக்குற பிரிவு ஆளுங்களுக்குனு வெச்சாங்க. 2019ல என்.ஐ.எச் போட்ட நோட்டீஸ் படி கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக், பூர்வகுடி அமெரிக்கர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவு மக்கள் அதுல வந்தாங்க. இந்தியர் அந்த லிஸ்ட்ல இல்ல, அத பாத்ததும் நம்ம ஆளுங்க பேஜ மூடிடுவாங்க. கீழயும் படிக்கணும்ங்க. மாற்றுத்திறனாளிகளுக்குனு தனியா ஒரு பிரிவு இருந்துச்சு. அதுக்கப்புறம் பின்தங்கிய சூழல்னு ஒண்ணு, அதுல அப்பா அம்மா ரெண்டு பேருமே டிகிரி முடிக்காதது, பெல் கிராண்ட் (வருமானம் கம்மியான காலேஜ் பசங்களுக்கு கவர்மென்ட் தர்ற உதவி) தகுதி, ஸ்கூல்ல ஃப்ரீ லஞ்ச் தகுதி, ஃபாஸ்டர் கேர்ல (கவர்மென்ட் ஏற்பாட்டுல வேற குடும்பத்துல) வளர்ந்தது, வீடில்லாம இருந்தது, கிராமப்புறத்துல வளர்ந்ததுனு நீளமா போகும், அதுல ரெண்டு பொருந்தினா போதும்னு வெச்சிருந்தாங்க. அகதியா வந்து டாக்ஸி ஓட்டியோ கடை வெச்சோ புள்ளைய படிக்க வெச்ச ஈழத்து குடும்பம்னா இதுல வர வாய்ப்பு இருந்துச்சு.

சிட்டிசன் இல்லனா க்ரீன் கார்டு கட்டாயம். எஃப்1 (ஸ்டூடண்ட் விசா), எச்4ல (எச்1பி மாதிரி வேலை விசால வந்தவங்களோட குடும்ப விசா) இருக்குற பசங்க இதுல வர முடியாது, எச்4 பசங்க பலர் இங்கயே வளர்ந்தவங்க, எனக்கு அது வருத்தம் தான், ஆனா ரூல் அது.

எதுக்கு இப்படி ஆள் தேடுறாங்கனா, நோய் எல்லாருக்கும் ஒரே மாதிரி வர்றதில்ல. சிக்கிள் செல்ங்கற பரம்பரை ரத்த நோய் அமெரிக்கால பெரும்பாலும் கறுப்பினத்தவருக்கு தான். ஜாக்சன் ஹார்ட் ஸ்டடில மிசிசிப்பில கறுப்பினத்தவர் 5,300 பேருக்கு மேல சேத்து இதய நோய பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க, அதோட சேர்த்து அங்க காலேஜ் பசங்களுக்கு ட்ரெய்னிங்கும் ஓடுச்சு. நம்ம தெற்காசிய ஆளுங்களுக்கு ஏன் ஹார்ட் பிரச்சனை அதிகம்னு பாக்குற மசாலா ஸ்டடிக்கும் (பேர் நிஜமாவே அதான்) இதே என்.எச்.எல்.பி.ஐ பணம் தான்.

இப்போ முக்கியமான விஷயம். 2025ல ட்ரம்ப் ஆட்சி வந்ததும் டைவர்சிட்டி (எல்லா பிரிவு ஆளுங்களையும் சேர்க்கிறது) பேர்ல இருந்த கிராண்ட் நிறைய நிறுத்திட்டாங்க, சிலது கோர்ட் வரைக்கும் போச்சு. அதனால மேல சொன்ன 2019 கண்டிஷன அப்படியே நம்பி உக்காராதீங்க. ப்ரோக்ராம் ஓடுதா, இந்த வருஷம் யாரை எடுக்குறாங்கனு அந்த யுனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் போட்டு கேட்டுட்டு அப்புறம் ஃபார்ம தொடுங்க, பழைய டெட்லைனோட செத்துப்போன பேஜ் நிறைய கிடக்கு.

ஓடுதுன்னா, டெட்லைன் பொதுவா ஜனவரிலருந்து மார்ச்சுக்குள்ள வந்துடும், ட்ரெய்னிங் எட்டு பத்து வாரம் இருக்கும். ரெக்கமண்டேஷன் லெட்டர் கேப்பாங்க, ப்ரொஃபசர்ட்ட டிசம்பர் லீவுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, கடைசி வாரத்துல போய் நின்னா யாரும் நல்லா எழுதித்தர மாட்டாங்க.