முன்பாரமா, பின்பாரமா?

தாமிரபரணிக் கரையில் நெல் மூடை ஏற்றிய மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில், மாட்டைப் பூட்டும் முன் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். அது தானாக மேலே எழும்பினால், "பின்பாரமா இருக்கு வே, ரெண்டு மூடைய முன்னால தள்ளும்" என்பார். தூக்கவே முடியாமல் அழுத்தினால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகிப் போகும். லேசான முன்பாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இன்றைக்கு மாட்டுக்குப் பதில் எஞ்சின். டிராக்டருக்குப் பின்னால் வாழைத்தாரும் செங்கலும் போகின்றன. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் தண்ணீர் டேங்கர் போகிறது. கான்கிரீட் போடும் நாளில் மினி லாரியின் வாலில் கட்டிய கலவை மிஷின் குதித்துக் குதித்து வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் ஹோமை ஓட்டிக்கொண்டு, பின்னால் படகையோ காரையோ டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்கிறார்கள். கேரவன் என்றால் நமக்கு சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். அதன் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினால் அதுவும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். எது எதை இழுத்தாலும் அந்த நுகத்தடிக் கணக்கு மாறவில்லை. மாறியது வேகம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்று, சாமானோடு சேர்த்து 1,000 கிலோ. அதை முன்வண்டியோடு மாட்டும் கொக்கிக்கும் சக்கர அச்சுக்கும் இடையே 3 மீட்டர். மொத்த எடையின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், கொக்கியின் மேல் விழும் பாரம் 100 கிலோ, அதாவது பத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்கட்டும் என்கிறார்கள். இங்கிலாந்தில் 5 முதல் 7 சதவீதமே போதும் என்கிறார்கள். அங்கே டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு வேக வரம்பும் கெடுபிடி. இப்போது அந்த டிரெய்லரில் இருக்கும் 200 கிலோ ஜெனரேட்டரை, இறக்குவதற்கு வசதியாக இருக்குமே என்று ஒன்றரை மீட்டர் பின்னால் நகர்த்தி வைக்கிறோம். கொக்கியில் இருந்த 100 கிலோவும் காணாமல் போய்விடும். ஒரே ஒரு சாமான்! வெளியிலிருந்து பார்த்தால் வண்டியில் எந்த வித்தியாசமும் தெரியாது.

தெரிவது 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகு. டிரெய்லரின் வால் மெல்ல இடதும் வலதுமாக ஆட ஆரம்பிக்கும்.

இந்த ஆட்டம் ஏன் வேகத்தோடு சேர்ந்து வருகிறது? ரப்பர் டயர், தான் பார்க்கும் திசையிலேயே உருளும்போது பக்கவாட்டில் எந்த விசையும் தராது. பார்க்கும் திசைக்கும் நகரும் திசைக்கும் நடுவே சின்னக் கோணம் விழுந்தால்தான் பக்கவிசை பிறக்கும். டிரெய்லர் வால் பக்கவாட்டில் நகரும்போது அந்தக் கோணம் தானாக விழுகிறது. அதில் பிறக்கும் விசை ஆட்டத்தை அடக்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கோணத்தின் அளவு, பக்கவாட்டு வேகத்தை முன்னோக்கிய வேகத்தால் வகுத்தால் வருவது. 40 கிலோமீட்டரில் போன வண்டி 80-ல் போனால், அதே அளவு ஆட்டத்துக்குக் கோணம் பாதிதான் விழும். அடக்கும் விசையும் பாதியாகிவிடும். டிரெய்லரை நேர்க்கோட்டுக்குத் திருப்பும் விசை மட்டும் அப்படியே இருக்கிறது. அது திருப்புகிறது, டிரெய்லர் நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறது, மறுபடியும் திருப்புகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சின்னதாகி அடங்கும். அதைத் தாண்டிவிட்டால் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாகும். இதற்கான சக்தியை வெளியே யாரும் கொடுப்பதில்லை. வண்டி ஓடும் ஓட்டத்திலிருந்தே டிரெய்லர் அதை எடுத்துக்கொள்கிறது.

பின்பாரம் செய்யும் கெடுதல், அந்த எல்லை வேகத்தைக் கீழே இறக்கிவிடுவதுதான். எடை அச்சுக்குப் பின்னால் இருந்தால், வால் வெளியே வீசும்போதெல்லாம் கொக்கியை எதிர்ப்பக்கம் தள்ளும். கொக்கி இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தைத் தள்ளும். முன்பாரத்தோடு 90-லும் பேசாமல் வந்த டிரெய்லர், பின்பாரத்தோடு 60-லேயே தகராறு செய்யலாம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பாரத்தை முன்கோடியில் பாதி, பின்கோடியில் பாதி என்று பிரித்து வைத்தாலும் கொக்கிக் கணக்கு சரியாகவே வரும். ஆனால் அப்படி வைத்த டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் லேசில் நிற்காது. சுழற்சியைப் பொறுத்தவரை, அச்சிலிருந்து சாமானுக்கு உள்ள தூரம் இரண்டு மடங்கானால், ஆட்டத்தை நிற்கவிடாத அதன் முரண்டு நான்கு மடங்காகும். கனமான சாமான் அச்சுக்கு நேர் மேலேயும் கொஞ்சம் முன்னாலும் இருக்க வேண்டும், அதுவும் தரையோடு ஒட்டி.

சரி, கொக்கியில் பாரம் நிறைய இருந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். மோட்டார் ஹோமில் அதுதான் வம்பு. அந்த வண்டிகளில் பின்சக்கரத்துக்கு அப்பாலும் உடம்பு நீண்டுகொண்டே போகும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 4 மீட்டர், பின்சக்கரத்திலிருந்து கொக்கி வரை 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 300 கிலோவை வைத்தால் பின்அச்சில் ஏறுவது 450 கிலோ. மிச்ச 150 எங்கிருந்து வந்தது? முன்அச்சிலிருந்து. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கேட்க வேண்டிய சக்கரம், அந்த அளவுக்குத் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கிறது. அதே 2 மீட்டர் நீட்டம், டிரெய்லர் பக்கவாட்டில் கொடுக்கும் தள்ளுக்கும் நெம்புகோலாகிவிடும். பெரிய வண்டிதானே, எதையும் இழுக்கும் என்ற நினைப்பு இங்கேதான் பொய்க்கிறது. எஞ்சினின் பலத்துக்கும் கொக்கி இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்க ஒரு சின்னத் தட்டு வேண்டும். அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு நோக்கிப் போய்ப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கியடித்துப் புகுந்து வருகிறது. அந்தப் பக்கம் காற்றாலைகளை வரிசை வரிசையாக நட்டதே அதற்காகத்தான். சாலை தெற்கே போகிறது, காற்று மேற்கிலிருந்து குறுக்கே வருகிறது. 4 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கூண்டு டிரெய்லர் மேல் 54 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், ஏறக்குறைய 110 கிலோவால் பக்கவாட்டில் தள்ளுவதற்குச் சமம். நிலையாகத் தள்ளினாலாவது ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்துச் சமாளிக்கலாம். ஒரு கட்டடம் வந்து காற்றை மறைக்கும், உடனே விலகும். அல்லது நாகர்கோவில் பஸ் ஒன்று விருட்டென்று தாண்டும். அது முன்னால் தள்ளிவரும் காற்று முதலில் மோதுவது டிரெய்லரின் வாலில்தான்.

ஆட ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் எல்லைக்குக் கீழே வந்தால் ஆட்டம் தானாக அடங்கும். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பினால் நம் கை எப்போதும் ஒரு நொடி பிந்தித்தான் போகும். அடக்க வேண்டியதை நாமே வளர்த்துவிடுவோம். முன்வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் ஆபத்து. முன்வண்டி நிற்கப் பார்க்கும், டிரெய்லர் கோணலாக நின்றபடி அதை முதுகில் தள்ளும், இரண்டும் கத்தி மடங்குவதுபோல் மடங்கிக்கொள்ளும்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது இதனால்தான். ஐரோப்பாவில் பரவலாக இருப்பது எளிய சூட்சுமம்: முன்வண்டி வேகம் குறைத்தால் டிரெய்லர் கொக்கியை முன்னால் அழுத்துமல்லவா, அந்த அழுத்தத்தையே கம்பி வழியாகக் கொண்டுபோய் டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறார்கள். அமெரிக்காவில் மின்சார பிரேக். ஓட்டுநர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலிருந்து டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். ஆடும் டிரெய்லரைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து நேராக்க அதைவிட நல்ல வழியில்லை.

நம்மூர் டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றில் இது எதுவும் கிடையாது. நான்கு சக்கரப் பெரிய டிரெய்லருக்கு முன்பாரம் பின்பாரப் பிரச்சினை குறைவு, எடையைத் தன் சக்கரங்களிலேயே தாங்கிக்கொள்ளும். பிரேக் கணக்கு மட்டும் வயிற்றைக் கலக்கும். டிராக்டர் 2 டன், டிரெய்லர் சுமையோடு 6 டன். பிரேக் இருப்பது டிராக்டரின் பின்சக்கரங்களில் மட்டும், அவற்றின் மேல் இருக்கும் எடை சுமார் 1,300 கிலோ. காய்ந்த தார்ச்சாலையில் அவற்றால் 900 கிலோ அளவுக்குத்தான் பிடித்து இழுக்க முடியும். நிறுத்த வேண்டியதோ 8 டன். 30 கிலோமீட்டரில் வந்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து 30 மீட்டருக்கு மேல் போய்த்தான் நிற்கும். எட்டுச் சக்கரத்திலும் பிரேக் இருந்திருந்தால் 7 மீட்டர் போதும். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கினால் பூமியே 400 கிலோவால் கீழே இழுக்கிறது. மிச்சம் 500 கிலோதான், தூரம் 55 மீட்டரைத் தாண்டும். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் பிடிமானமே 500 கிலோ சொச்சம். சரிவு எடுத்துக்கொண்டது போக நிறுத்துவதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. குளத்துக் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதை பல ஊர்களில் இதைவிடச் செங்குத்து. ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதுபோல் முட்டாள்தனம் வேறில்லை.

டிராக்டரில் பிரேக் பெடல் இரண்டு. வயலில் வரப்போரம் சட்டென்று திரும்ப இடதைத் தனியாக, வலதைத் தனியாக மிதிக்கலாம். ரோட்டுக்கு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டுவதற்கு ஒரு சின்னப் பட்டை உண்டு. உழவு முடிந்து அப்படியே டிரெய்லரை மாட்டிக் கிளம்புகிற அவசரத்தில் அது பூட்டாமலே கிடக்கும். டிரெய்லர் பின்னால் தள்ள, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் டேங்கரில் இன்னொரு கோளாறு. முழுதாக நிரம்பிய டேங்கரைவிடப் பாதி நிரம்பியது மோசம். பிரேக் பிடித்தால் தண்ணீர் மொத்தமும் முன்னால் ஓடி மோதும், வளைவில் வெளிப்பக்கம் ஏறும். பாரம் இருக்கும் இடமே மாறிக்கொண்டிருந்தால் முன்பாரத்தை எப்படிச் சரிபார்ப்பது? தொட்டிக்குள்ளே ஓட்டை போட்ட குறுக்குத் தகடுகளை வைப்பது இந்த ஓட்டத்தை உடைக்கத்தான்.

நுகத்தடியைப்போல் கையால் தூக்கிப் பார்க்க முடியாத டிரெய்லருக்கு எடை மேடை இருக்கிறது. டிரெய்லர் இல்லாமல் வண்டியை மட்டும் ஏற்றி ஒரு எடை எடுங்கள். அப்புறம் டிரெய்லரை மாட்டி, வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கிப் பாரம். இரண்டாவது எடை முதலாவதைவிடக் குறைந்திருந்தால், டிரெய்லர் வண்டியின் வாலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்; அங்கேயே ஓரங்கட்டி சாமானை மாற்றி அடுக்குங்கள். அப்படியே கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டு மாட்டிவிடுங்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் வந்து உட்காரும்.