கார்ன்ரோ: தமிழில் சால் பின்னல்

கார்ன்ரோ என்பது முடியைத் தொங்கவிடாமல், மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் போடும் ஆப்பிரிக்கப் பின்னல். ‘கார்ன்’ மக்காச்சோளம், ‘ரோ’ வரிசை. அமெரிக்காவில் இந்தப் பெயர். கரும்பு விளைந்த கரீபியன் தீவுகளில் இதே பின்னல் ‘கேன்ரோ’. ‘கேன்’ என்றால் கரும்பு. ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக எந்தக் கொல்லையில் மாடாய் உழைத்தார்களோ, அந்தப் பயிரின் பெயர் தலையிலும் ஏறிவிட்டது. பின்னல் மட்டும் பெயரைவிட மிகப் பழையது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் விரல்களோடு கடல் தாண்டியது.

வால்சீப்பின் நுனியால் வகிடு கீறி, நெற்றியோரம் மூன்று கால் பிரிப்பார்கள். பின்னப் பின்ன அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியைச் சேர்த்துக்கொண்டே பிடரிக்குப் போவார்கள். ஓரக்காலை நடுக்காலுக்கு அடியில் விடுவதால்தான் பின்னல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கிறது. (நம்மூர் பார்லரில் போடும் பிரெஞ்ச் பிளெயிட்டில் ஓரக்கால் மேலே போகும், அதனால் அது படிந்திருக்கும்.) முழுத் தலைக்கும் பல மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் சலூனில் பேச்சுதான். கறுப்பினப் பெண்களுக்குள் ‘சிஸ்டர்’ என்ற அழைப்பு வெறும் மரியாதைச் சொல்லாக இல்லாமல் உறவாக இறுகிய இடங்களில் இந்த நாற்காலியும் ஒன்று.

இதைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களில் அமெரிக்கக் கலைஞர் சோனியா கிளார்க் முக்கியமானவர். அப்பா டிரினிடாட், அம்மா ஜமைக்கா. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்துச் சிகையலங்காரப் பெண்களிடம் தன் தலையையே கொடுத்துப் பின்னச் சொன்னார். பிறகு அதே கைத்திறனைப் பட்டுநூலால் கேன்வாஸிலும் காட்டச் சொன்னார். அதுதான் ‘ஹேர் கிராஃப்ட் புராஜெக்ட்’. 2014இல் மிச்சிகனில் நடந்த ஆர்ட்பிரைஸ் போட்டியில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பகிர்ந்துகொண்டது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வைத்திருக்கும் கேன்வாஸ் படைப்பில் பின்னியவர்களின் பெயர்களும் கூட்டுப் படைப்பாளிகளாக இருக்கின்றன. அந்தப் பெயர்கள் இல்லாவிட்டால் இந்தப் படைப்புக்கு மதிப்பே இல்லை என்பேன்.

தமிழில் என்ன சொல்வது? ‘சோள வரிசை’ என்றால் யாருக்கும் தலைமுடி நினைவுக்கு வராது. ‘சடை’ என்றதும் முதுகில் தொங்குவதுதான் கண்ணில் வரும். ‘ஐம்பால்’ என்று பழந்தமிழ் சொல்லும் ஐந்து வகைக் கூந்தல் ஒப்பனையில் ஒன்றை இதற்குத் தூக்கிக் கொடுப்பதும் வலிந்து செய்வதாகும். ஏர் ஓடிய தடம் ‘சால்’. இங்கே வகிடுதான் சால். ஆகவே ‘சால் பின்னல்’. வடிவமும் வருகிறது, கொல்லையும் வருகிறது. பயிரின் பெயர் இல்லாததால் கேன்ரோவுக்கும் இதுவே செல்லும். கட்டுரையில் முதல்முறை எழுதும்போது மட்டும் பக்கத்தில் ‘கார்ன்ரோ’ என்றும் போட்டுவிடலாம்.