வார்டு கட்டிலில் வண்ணப் பென்சில்

பனிக்குட நீர் முன்கூட்டியே கசிவது, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கிடப்பது, பிரஷர் ஏறிக்கொண்டே போவது என்று ஏதோ ஒரு காரணத்தால், பிரசவத்துக்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெண்கள் உண்டு. பலருக்கு வலிகூட இருக்காது. படுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு அது ஓய்வாகத் தெரியும். ஆனால் வயிற்றில் கட்டிய பெல்ட் வழியே கேட்கும் குழந்தையின் இதயத்துடிப்பு ஒரு நொடி மங்கினாலும் தாய்க்குப் பதறிவிடும். பெரும்பாலும் பெல்ட் கொஞ்சம் நகர்ந்திருக்கும், வேறொன்றும் இருக்காது. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். எப்போது எழலாம், எப்போது சாப்பிடலாம் என்பதையும் மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

இந்தப் பயம் உடம்பிலும் வேலை செய்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது அட்ரீனல் சுரப்பியைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடுகிறது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்க வைத்துக் குழந்தையைக் காக்கிறது. முழுவதையும் அதனால் தடுக்க முடியாது. இதைச் சொல்லித் தாயைக் குற்றவாளியாக்குவது கொடுமை. பயப்படக் காரணம் இருக்கும் இடத்தில் அவள் இருக்கிறாள். "டென்ஷன் ஆகாதம்மா" என்று சொல்லிவிட்டால் மட்டும் டென்ஷன் போய்விடாது.

ஓவிய சிகிச்சை இங்கேதான் உதவிக்கு வருகிறது. பிரிட்டனின் ஓவியர் ஏட்ரியன் ஹில் 1938-இல் காசநோய் சானடோரியத்தில் கிடந்தபோது வரைந்தே தன்னைத் தேற்றிக்கொண்டார். பிறகு மற்ற நோயாளிகளையும் வரையவைத்து, 1942-இல் இதற்கு இந்தப் பெயரையும் வைத்தார். நோயாளிக் கட்டிலில் பிறந்த முறை இது.

கர்ப்பிணி வார்டில் அது எப்படி நடக்கும்? ஒருக்களித்துப் படுத்திருப்பவருக்கு எட்டும்படி, கெட்டியான அட்டையில் தாளைக் கிளிப் போட்டுத் தருவார் சிகிச்சையாளர். வலது கையில் டிரிப்ஸ் ஊசி இருந்தால் இடது கையில் பென்சில். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், கோடு கோணினால் யாரும் எதுவும் நினைக்கப் போவதில்லை. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஏறும் நேரத்தில் பார்வை மங்கலாம், கைகால் தளரலாம். அப்போது நுணுக்கமாக வரையச் சொல்லாமல், வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டச் சொல்வார். டர்பன்டைன் வாடை வரும் பெயின்ட் கட்டிலருகே வரவே கூடாது. "இந்தப் பயத்துக்கு ஒரு நிறம் கொடுத்தால் என்ன கொடுப்பீர்கள்?" என்று கேட்பார். கறுப்பைத் தீட்டினால் உடனே அதற்கு அர்த்தம் சொல்ல மாட்டார். "இதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். இன்று வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னால், சிகிச்சையாளர் விட்டுவிடுவார். அந்த வார்டில் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற காரியங்கள் குறைவு என்பதால், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

இதனால் என்ன மாறுகிறது? எந்த நிறம், எவ்வளவு அழுத்தம், எங்கே நிறுத்துவது என்று கை முடிவெடுத்துக்கொண்டே இருக்கும்போது, ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அசைபோட மூளைக்கு இடம் குறைகிறது. அப்புறம், வரைந்ததைப் பற்றிப் பேசும்போது உணர்ச்சிக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. உளவியல் ஆய்வாளர் மாத்யூ லீபர்மன் குழு 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, பய உணர்வோடு தொடர்புள்ள அமிக்டாலாவின் செயல்பாடு தணிந்தது. ஓவிய சிகிச்சை ஆய்வாளர் கிரிஜா கைமல் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் ஏதாவது வரைந்தோ களிமண் பிசைந்தோ ஒட்டியோ செய்தார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசால் குறைந்தது. முன்பே வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் அதில் இல்லை. அவர்கள் கர்ப்பிணிகளாக வார்டில் இருந்தவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. வரைந்தால் பிரஷர் குறையும், பிரசவம் தள்ளிப்போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் பென்சில் போதாது. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள்தான். நர்ஸே கேட்டுப் பார்த்து மனநல மருத்துவரை அழைக்கலாம்.

சிகிச்சையாளர் இல்லாத மருத்துவமனை என்றால், பார்க்கப் போகிறவர்கள் கோடு போடாத ஒரு நோட்டும் பென்சில் பெட்டியும் கொண்டுபோகலாம். அது சிகிச்சை ஆகாது, ஆனாலும் உதவும். வரைந்ததைக் காட்டினால் அழகா இல்லையா என்று மதிப்பெண் போட வேண்டாம். அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.