சத்தம் போடாத டேப்பெட்

"சத்தம் வந்தால் டேப்பெட் பார்த்துக்கொள்ளலாம்" என்பது பெங்களூரு அல்சூரில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேரின் கணக்கு. டேப்பெட் பார்ப்பது என்றால், இன்ஜின் வால்வைத் தட்டித் திறக்கும் இடத்தில் விட்ட சிறு இடைவெளியை அளந்து சரிசெய்வது. போன மாதம் வந்த ஆட்டோக்காரத் தம்பியும் அதையேதான் சொன்னார். "இன்ஜின் பூப்போல ஓடுகிறது அண்ணா. ஹெப்பாள் மேம்பாலம் ஏறத்தான் திணறுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடிக்கிறது."

இன்ஜின் மூடியைத் திறந்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்தேன். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் பக்கம் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினால், வால்வின் விளிம்பு ஓரிடத்தில் கருகி அரித்துப்போயிருந்தது.

வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். பல சிறிய இன்ஜின்களில் அது 0.1 மி.மீ. அளவுதான், ஒரு ஏ4 தாளின் கனம். சூட்டில் தண்டு நீள்வதற்காக விட்ட இடம் அது. அந்த இடம் இல்லையென்றால் வால்வு தன் சீட்டில், அதாவது மூடும்போது அது பதிந்து உட்காரும் வளையத்தில், முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இறக்கிவைப்பதே அந்த சீட்டில்தான். உட்காராத வால்வு ஆறாது; இடுக்கில் பீறிடும் நெருப்பு விளிம்பைத் தின்றுவிடும். பிஸ்டன் அமுக்கித் தரும் அழுத்தமான கம்ப்ரஷனும் அந்த வழியாகவே கசிந்துபோகும்.

இடைவெளி கூடினால் டிக் டிக் என்று கேட்கும், பிக்கப் கொஞ்சம் குறையும். வண்டியே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. குறைந்தாலோ முன்னைவிட அமைதியாகிவிடும். எல்.பி.ஜி., சி.என்.ஜி. வண்டிகளில் சீட் தேயத் தேய வால்வு மேலேறி, இடைவெளி தானாகவே மூடிக்கொண்டு வரும். போதாக்குறைக்கு, "சத்தம் போகிற மாதிரி இறுக்கிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

எப்போது டேப்பெட் பார்ப்பது என்பதற்குக் கிலோமீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. சில்க் போர்டு சிக்னலில் நின்றபடி உறுமும் நேரம் மீட்டரில் ஏறுவதில்லை. வால்வு மட்டும் அடித்துக்கொண்டேதான் இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வண்டியை ராத்திரியே விட்டுப்போகச் சொல்வேன். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு, கம்ப்ரஷன் முடிந்து பிஸ்டன் உச்சியில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். தகடு லேசான பிடிப்போடு வர வேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்க்ரூவின் லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பும், ஆகவே மறுபடி ஒருமுறை அளப்பேன். எத்தனை மி.மீ. என்பதை வண்டியின் கையேடுதான் சொல்ல வேண்டும், மெக்கானிக்கின் ஞாபகம் அல்ல.

அந்தத் தம்பிக்குப் புது வால்வு போட்டு, சீட்டைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன். ஸ்டார்ட் செய்து காதை அருகில் கொண்டுபோனவர் முகம் சுளித்தார்.

"லேசாக டிக் டிக் என்கிறதே அண்ணா?"

"இருக்கட்டும் தம்பி, ஹெப்பாள் ஏறிவிட்டுப் போன் செய்யுங்கள்" என்றேன்.